மாங்கனித் திருடனின் வாதம்



பெங்களூரு நகரத்துக் கடையொன்றில் சிறு பொருளொன்றை மறைத்தெடுத்து அகப்பட்ட இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். காவலர் கைது செய்தனர், ஜாமீனில் வெளிவந்தான். ஆண்டுகள் பல கழிந்தன. இன்று அவன் மனைவி மக்களுடன் உழைத்துண்டு வாழ்பவன். இந்நிலையில் நீதிமன்றத்தினின்று அழைப்பாணை வருகின்றது. “அன்று திருடியவன் வேறு, இன்றுள்ள நான் வேறு, பழையதை இன்று கிளறுவது நியாயமோ?” என்று அவன் உள்ளம் கொதிக்கின்றது.

இஃது எங்கும் நிகழாததன்று. இதே கருநாடகத்தின் பீதர் மாவட்டத்தில், 1965ஆம் ஆண்டு இரண்டு எருமைகளையும் ஒரு கன்றையும் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, ஜாமீன் பெற்றபின் காணாமற்போன ஒருவரை, 2023ஆம் ஆண்டு காவலர் மீண்டும் கைது செய்தனர். இருபது வயதில் தொடங்கிய வழக்கு எழுபத்தெட்டு வயதில் வாயிலில் வந்து நின்றது!

இவ்விளைஞனின் வாதத்தை முன்னமே ஆராய்ந்த நூல் மிலிந்த பஞ்ஹம். அதில் நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு ஓர் உவமை கூறுகின்றார். மாங்கனி திருடிய ஒருவன், “இவர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு கனி” என்று வாதிட்டால் தப்புவானோ? தப்பான் என்கின்றான் மன்னன். நட்ட கொட்டையின்றிக் கனி ஏது? அவ்வாறே அன்றைய இளைஞனின்றி இன்றைய குடும்பத்தலைவன் ஏது? அவனே இவனென்றும் சொல்லவியலாது. முற்றும் வேறென்றும் சொல்லவியலாது. ஆதலின் பொறுப்பு நீங்கவில்லை.

அங்ஙனமாயின் திருந்தி வாழ்ந்ததனால் பயனில்லையோ? உண்டு. பகவர் அருளிய உப்புக்கட்டி உவமையைக் கேளுங்கள். ஓர் உப்புக்கட்டி கிண்ண நீரைக் குடிக்கவொண்ணாததாக்கும். கங்கையில் இட்டாலோ சுவையும் தெரியாது. வினை ஒன்றே, ஏற்கும் வாழ்வு விரிந்ததாயின் அதன் கைப்பும் குறையும்.

நாட்டுச் சட்டமும் இக்கருணையை முற்றும் அறியாததன்று. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், முன்பு தண்டனை பெறாதவன் திருட்டுக் குற்றத்திற்கு ஆளானால், குற்றத்தின் தன்மையையும் அவன் ஒழுக்கத்தையும் நோக்கி, எச்சரித்து விடுவிக்க நீதிபதிக்கு இடமளிக்கின்றது. சில குற்றங்களுக்கு வழக்கை ஏற்கக் கால வரம்பும் உண்டு. எனினும் கைதுக்குத் தப்பி ஒளிந்திருந்த காலம் அக்கணக்கில் சேராது. ஒளிந்தவனுக்குக் காலம் துணையாவதில்லை; ஒழுகியவனுக்கே துணையாகும்.

ஆகவே, அழைப்பாணை பெற்ற அன்பனே, ஓடாதே. இல்லாளிடம் உள்ளதைக் கூறு. தக்க வழக்கறிஞருடன் குறித்த நாளில் நீதிமன்றம் செல். குற்றம் புரியாதவனாயின் அதனை அஞ்சாது எடுத்துரை. புரிந்தவனாயின் பொய் புகலாதே. திருட்டினின்று விலகுதல் பஞ்சசீலத்துள் இரண்டாவது. பொய்யினின்று விலகுதல் நான்காவது. இரண்டாவதில் இடறியவன் நான்காவதிலும் இடறுவானேன்?

அண்டை அயலாரே, உங்கட்கும் ஒரு சொல். நீதிமன்றத்தினின்று திரும்புபவனைத் திருடன் என்று சுட்டாதீர். அவனுடைய கங்கையைக் கிண்ணமாகச் சுருக்குவது உங்கள் நாவாக வேண்டா.

சாது! சாது! சாது!