தேடிய சுவடு யாருடையது?

கேள்வி கேட்பதும், கேட்டதற்குச் சான்று நிலைப்பதும் முன்னர் வெவ்வேறாய் இருந்தன. ஆசிரியரிடம் வினவிய ஐயம் காற்றோடு போயிற்று. நூலகத்திற் புரட்டிய நூல் மீண்டும் அடுக்கில் ஏறியது. எந்தப் பக்கத்தில் நம் விரல் தயங்கியது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. இன்று இணையத்திலே நாம் தட்டும் சொல், தட்டிய நேரத்தோடு சேர்ந்து பதிவாகின்றது. இப்பதிவை அழிப்பது நம் உரிமையா, அன்றி நேர்மைக் குறைவா?

2020 ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் மாணவருட் பலர் பெற்றோரின் கைத்தொலைபேசியிலேயே பாடம் கேட்டனர். வீட்டில் ஐவர், தொலைபேசி ஒன்று, உலாவியின் வரலாறும் ஒன்று. மகள் தன் உடலின் மாற்றத்தைப் பற்றித் தேடியதைத் தந்தை காண்கிறார். தந்தை அடகு வட்டியைப் பற்றித் தேடியதை மகன் காண்கிறான். இவற்றுள் எது குற்றம்? எதுவுமன்று. ஆயினும் எல்லோரும் அஞ்சுகின்றனர். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவன் எதற்காக அழிக்க வேண்டும் என்று கேட்போர் இவ்வச்சத்தை அறியார். அறியாமையை வெட்கமாக்கிவைத்துள்ள சமுதாயத்திலே கேள்வி கேட்பதற்கே துணிவு வேண்டும். பிள்ளையின் தேடலை மறைவாக வாசிக்கும் ஆசிரியர் (அத்தகையோரும் நம்மிடையே உளர்) கற்பிக்கும் பாடம், ‘இனிக் கேளாதே’ என்பதுதான்.

வீட்டாரின் கண் சிறிது. பெரிய கண் வேறிடத்தில் இருக்கின்றது. குரோம் உலாவி சாதனத்தில் வைத்திருக்கும் வரலாறு 90 நாட்களுக்குரியது. அதனை ஒரு நொடியில் அழித்துவிடலாம். கூகிள் கணக்கினுள் நுழைந்து தேடியவனுடைய சொற்களோ நிறுவனத்தின் களஞ்சியத்திலும் கிடக்கக்கூடும்; அங்கே தனியே சென்று அழித்தல் வேண்டும். மறைநிலைச் சாளரம் என்பதும் சாதனத்திலே சுவடு விடாதே தவிர, வலையமைப்பை நடத்துவோரும் நாம் சென்ற தளமும் நம் வரவை அறிவதைத் தடுக்காது. மறைநிலையிலும் தகவல் திரட்டப்பட்டதென 2020 இல் அமெரிக்காவிலே கூகிள்மீது வழக்குத் தொடரப்பட்டது; 2024 இற் சமரசமாகி, நூறு கோடிக் கணக்கான பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் இணங்கிற்று.

பெயரை நீக்கிவிட்டாற் போதாதா எனலாம். 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பேரின் இரண்டு கோடித் தேடல்களை, பெயருக்குப் பதிலாக எண்ணிட்டு, ஆய்வாளருக்கென வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர் ஓர் எண்ணுக்குரிய முதிய மாதின் வீட்டை அடைந்துவிட்டனர். அவர் தேடிய சொற்களே அவருடைய முகவரியாயின.

இவ்வளவையும் சேர்த்துவைப்பது ஏன்? நம் ஐயமும் நோயும் ஆசையும் விளம்பர வணிகத்தின் மூலப்பொருள்கள். தேடலை இலவசமாகத் தருகின்றார்களே என்பர் சிலர். கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்குத் தான் பறித்தது எத்தனை கிலோ என்பதாவது தெரியும். தேடுவோனுக்குத் தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது எவ்வளவு என்பதும் தெரியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் சொற்களைக் காத்துவைத்த அதே நிறுவனம், தன் ஊழியரின் உரையாடல்களை 24 மணிநேரத்தில் அழியவிட்டிருந்தது. வழக்குக்குரிய சான்றைப் பேணத் தவறியதென 2023 மார்ச்சில் அமெரிக்க நீதிபதி ஒருவர் அதனைக் கண்டித்தார். எளியவன் தன் சுவட்டை அழிப்பதும் அதிகாரமுடையோர் தம் சுவட்டை அழிப்பதும் ஒன்றாகா. முன்னவன் காப்பது தன்னை. பின்னவர் காப்பது தம் அதிகாரத்தை. இரண்டையும் ‘அந்தரங்கம்’ என்ற ஒரே சொல்லால் மூடுவது தவறு.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை அழிக்கக் கோரும் உரிமையை ஏட்டில் எழுதியது. பதிவு எங்குள்ளதென்றே அறியாதவன் எதனை அழிக்கக் கோருவான்?

இந்நிலையிலே, இணைப்பின்றி வாசித்தல் என்ற சிறிய வசதி நம் கவனத்துக்குரியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. ஏப்ரல் 3 இல் அரசு சமூக ஊடகங்களையும் முடக்கிற்று. அந்நாட்களிலே முன்கூட்டி இறக்கிவைத்த பக்கங்களே பலருக்குப் பாடநூலாயின. தரவுக்குப் பணமில்லாத மாணவனுக்கு இன்றும் அவையே துணை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலிருந்து பழைய ஈழத்துச் சஞ்சிகை ஒன்றை அவன் இறக்கிக்கொள்கின்றான் என்க. இறக்கிய செய்தி பதிவாகலாம். ஆனால், இணைப்பைத் துண்டித்து வாசிக்கையில் எந்த வரியை அவன் மும்முறை படித்தான், எங்கே சினந்தான் என்பது அவனோடு நிற்கின்றது. உலாவி வைத்திருப்பது இயந்திரம் தானாகக் குறித்த வரலாறு. அவன் சேமித்ததோ அவனே தெரிந்தெடுத்தது.

பொதுத் தொலைபேசியில் இதற்கும் ஓர் எல்லை உண்டு. உலாவியின் வரலாற்றை அழித்தாலும் இறக்கிய கோப்பு அழிவதில்லை. பதிவிறக்கப் பட்டியலைத் திறப்பவர் எவரும் அதனைக் காண்பர். மாணவர்க்கு இதனையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.