பழைய வண்டியும் இரண்டு குட்டிகளும்

என் தமக்கையின் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்த ஒரு மாலையில், பயிற்சிப் பள்ளி வண்டியிலிருந்து இறங்கி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, இத்தனை நாளா வண்டியை ஓட்டினது நானா, அவரா?" என்று கேட்டாள். பயிற்சி வண்டியில், கற்பவர் காலடியில் இருப்பதுபோலவே கற்பிப்பவர் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டென்பதும், அவற்றை அந்த ஆசிரியர் ஓசைப்படாமல் மிதித்துக்கொண்டே, வாயால் மட்டும், "பரவாயில்லையே, நல்லா ஓட்டறீங்களே" என்று சொல்லிவந்தார் என்பதும், அன்று தற்செயலாகக் குனிந்து பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரியவந்ததாம். ஒன்பது நாள் பெருமையும் ஒரு நொடியில் பிறர் சொத்தாகிவிட்டதில் அவளுக்குக் கோபமும் வெட்கமும் சரிபாதியாக இருந்தன.

அவள் கேட்டது, அவளுக்குத் தெரியாமலே, எழுநூறு வருஷத்துக் கேள்வி. உடையவராகிய இராமாநுஜருக்குப் பின் அவர் வழிவந்த ஆசாரியர்களுக்குள், ஜீவன் கரையேறுவது தன் பிரயத்தனத்தாலா ஈசுவரனுடைய கிருபையாலா என்று எழுந்த விசாரத்தில், காஞ்சித் தூப்புலில் 1268-இல் அவதரித்த வேதாந்த தேசிகரைப் பின்பற்றிய வடகலையார், கிருபையே பிரதானமானாலும் அது இறங்கி வருவதற்கு ஜீவனிடத்தில் ஒரு வியாஜமாவது, ஒரு சிறு சாக்காவது, இருக்க வேண்டும் என்றனர். ஸ்ரீவசனபூஷணம் அருளிய பிள்ளை உலகாசிரியரைப் பின்பற்றிய தென்கலையாரோ, சாக்குப் பார்த்து வருவது கிருபையாகாது, ஜீவன் அதை விலக்காமல் இருந்தாலே போதும் என்றனர். தாய் கிளைக்குக் கிளை தாவும்போது அதன் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி முன்னவர்களுக்கும், தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிச் செல்ல உடம்பைத் தளர விட்டுக் கிடக்கும் பூனைக்குட்டி பின்னவர்களுக்கும் உவமையாயின. இவ்வளவு நுட்பமான வேற்றுமை, கோயில் யானையின் நெற்றியில் எந்தத் திருமண்ணை இடுவது என்ற வழக்கில் வந்து முடிந்ததாகச் சொல்லி ஊரார் சிரிப்பதுண்டு. யானையைப்பற்றிச் சிரிக்கலாம், வேற்றுமையைப்பற்றிச் சிரிக்க முடியாது என்பது, வண்டி ஓட்டக் கற்கிறவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பயிற்சி வண்டியில் அவள் பூனைக்குட்டி. அவள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், ஆசிரியர் ஒரு கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருத்தும்போது பயந்துபோய் எதிர்ப்பக்கம் இழுக்காமல் இருப்பது ஒன்றுதான். "அப்படி இழுக்காமலிருப்பதும் ஒரு முயற்சிதானே?" என்று வடகலையார் பக்கம் நின்று கேட்கத் தோன்றும், எனக்கும் நெடுங்காலம் அந்த ஆட்சேபம் வலுவுள்ளதாகவே தோன்றிற்று. ஆனால், எதிரே பஸ் வரும்போது ஸ்டியரிங்கை விட்டுக்கொடுத்த கையைப் பார்த்த பிறகு, விட்டுக்கொடுப்பதை ஒரு சாதனமாக எண்ணிக் கணக்கில் எழுதிக்கொள்பவன் உண்மையில் விட்டுக்கொடுக்கவில்லை என்பது விளங்கிற்று. விலக்காமை என்ற சொல்லை அந்த ஆசாரியர்கள் தேர்ந்தெடுத்தது எத்தனை சரி!

எனினும், பூனைக்குட்டியாகவே ஒருத்தி எத்தனை நாள் இருக்க முடியும்? பயிற்சிப் பள்ளியில் நாளுக்கு அரைமணி நேரம். அதில் பாதி, முன்னவரை இறக்கிவிடுவதிலும் பின்னவரை ஏற்றிக்கொள்வதிலும் போய்விடும். பழகுநர் உரிமம் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். முப்பது நாள் கழிந்தால் பரீட்சைக்குப் போகலாம். இதற்கிடையில் சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் காலையிலும் மாலையிலும் பழகலாம் என்று அவள் தீர்மானித்து, ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் தன்னால் ஆகாது என்பதையும் அதே மூச்சில் தெரிவித்து, பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை என் தலையில் வைத்தாள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, கற்பவர் பக்கத்தில் உரிமம் பெற்ற ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்கின்றன. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து வேண்டும் என்றும் சொல்கின்றன. எழுத்தை ஒட்டிவிடலாம். நிறுத்துவது எப்படி? சொந்த வண்டியில் என் காலடியில் வெறும் மிதியடிதான் இருக்கும். எனக்குக் கிடைப்பது இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே நிற்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றே. ஆகவே வண்டி பார்க்கப் போன இடங்களிலெல்லாம், மற்றவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்லும்போது, நான் வண்டியைச் சரிவில் நிறுத்தி, அந்த இரும்புப் பிடியை இழுத்து, அது எத்தனையாவது 'கிளிக்'கில் பிடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தரகர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

முதலில் பார்த்தது ஒரு மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவந்து முப்பது வருஷம் தேசத்துக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அது. ஆனால் 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோனதால், நாங்கள் பார்த்ததற்குத் தரையில் துரு ஏறி, மிதியடியைத் தூக்கினால் ரஸ்தா தெரிந்தது. கடைசியில் வந்து சேர்ந்தது 2012-இல் பதிவான ஒரு ஸான்ட்ரோ. உயரமான கூரை, நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்மூக்கு எங்கே முடிகிறது என்று கற்பவர் ஊகிக்க முடியும், 1086 சி.சி. எஞ்சின், கிளட்சைச் சற்று அவசரமாக விட்டாலும் உடனே உயிரை விடுவதில்லை. உதிரிப் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. இவை உலகியல் காரணங்கள். என் மனத்தில் வேறொன்றும் இருந்தது. அந்த வண்டி பிறந்தது இருங்காட்டுக்கோட்டையில். 1998-இல் முதல் ஸான்ட்ரோ வெளிவந்த அந்தத் தொழிற்சாலைக்குச் சில மைல் தொலைவில்தான், 1017-இல் உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். இதை ஒரு யோக்கியதையாகச் சொன்னால் மருமகள் சிரிப்பாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

தரகர் சொன்ன யோக்கியதை வேறு. "லேடி டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான்." இந்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளையெல்லாம் லேடி டாக்டர்களே ஓட்டியிருந்தால், நோயாளிகளைப் பார்க்க அவர்களுக்குப் பொழுது ஏது என்று நான் யோசிப்பதுண்டு. தார்க்கிகர்கள் அறிவுக்குக் காட்சி, அநுமானம், உவமானம், நம்பத்தக்கவர் வாக்கு என்று நான்கு பிரமாணங்களை வகுத்தார்கள். பழைய வண்டிச் சந்தையில் நான்காவது பிரமாணம் அடியோடு அற்றுப்போனது. மீட்டர் நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் என்றது. குனிந்து பார்த்தேன். பிரேக் மிதியின் ரப்பரில் வரிவரியாக இருக்க வேண்டிய மேடுகள் இல்லை. நடுவில் ஆற்றங்கல்போல் வழவழத்து, வலது ஓரம் தேய்ந்து இரும்பு மினுங்கிற்று. எண்களைத் திருப்பிவைக்க ஆள் உண்டு. மிதியின் ரப்பரைப்பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. தேய்ந்தது ஒரு ஓரம் மட்டும் என்பதால், ஓட்டியவர் பாதத்தைக் கோணலாக வைக்கும் வழக்கமுடையவர் என்றுகூட அறிந்துகொண்டேன். பெயர் தெரியாத ஒருவருடைய பல வருஷத்து அவசரங்கள் அந்த ரப்பரில் இருந்தன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பல, பிற்பாடு நன்றாகத் துடைத்து விற்கப்பட்டன என்று கேள்விப்பட்டிருந்ததால், ஸீட் பெல்ட்டை முழு நீளமும் இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேறு புகுந்திருந்தால் அங்கே கறை நிற்கும். நிற்கவில்லை. மலையில் புகை கண்டு நெருப்பை அநுமானிக்கும் பழைய உதாரணத்துக்கு மட்டும் சைலன்ஸரின் பின்னால் புது வேலை கிடைத்தது: நீலப் புகையானால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, விடாத வெள்ளைப் புகையானால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது. இதில் இரண்டும் இல்லை.

நாங்கள் அழைத்துப்போன மெக்கானிக்கை எங்கள் தெருவில் எல்லோரும் பாய் என்றே அழைப்பது வழக்கம். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடது பின்கதவை விரல் முட்டியால் தட்டி, "இங்க பட்டி பார்த்திருக்கு" என்றார். சத்தம் மற்ற கதவுகளில் கணீரென்றும் அங்கே மொத்தென்றும் கேட்டது. பின்பு ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விட்டார். நல்ல கிளட்சானால் எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். இது சற்று யோசித்துவிட்டு நின்றது. தகடு தேய்ந்திருக்கிறது என்று பொருள். நான் அதைச் சொல்லி விலையை ஐயாயிரம் குறைத்து, அந்தப் பணத்தில் புதுக் கிளட்ச் போட்டுவிடலாம் என்றேன். பாய் தலையாட்டவில்லை.

"இப்ப மாத்தாதீங்க சார். பாப்பா கத்துக்கிறதுக்குள்ள எதைப் போட்டாலும் தேச்சுடும். இருக்கிறது தேயட்டும். கத்து முடிச்சப்புறம் புதுசு போட்டுக்கலாம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இரு கலையாரும் மாறுபடும் இன்னோர் இடம் ஞாபகம் வந்தது. ஈசுவரனுக்குத் தன் அடியாரிடத்தில் உள்ள வாத்ஸல்யம் என்பது, அவர்கள் குற்றத்தைப் பாராட்டாமல் இருப்பதே என்பார் வடகலையார். அவ்வளவில் நில்லாமல், ஈன்ற பசு கன்றின் மேனியிலுள்ள அழுக்கை இனிதாக நக்குவதுபோல், அந்தக் குற்றத்தையே போக்கியமாக ஏற்பது என்பார் தென்கலையார். எல்லாமறிந்தவன் ஒன்றைக் காணாதிருப்பது எப்படி என்ற சங்கடம் முன்னதில் உண்டு. குற்றம் இனிக்குமானால் அடியவன் திருந்துவானேன் என்ற சங்கடம் பின்னதில் உண்டு. பாய் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியில் நின்றார். அவர் குற்றத்தைக் கண்டார். காணாததுபோல் இருக்கவில்லை, அதை ரசித்தார் என்றும் சொல்ல முடியாது. அந்தக் குற்றத்துக்கு ஒரு வேலை கொடுத்தார். தேய்ந்த தகடு, தேய்க்கப்போகும் பாதத்துக்கு ஏற்றது என்ற இந்தப் பொருத்தத்தைப் புதிதாக வாங்கும் வண்டியில் எங்கே தேடுவது? புது வண்டியில் பக்கத்தில் உட்காரும் தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண் ரஸ்தாவில் இருப்பதில்லை, பம்பரில் இருக்கிறது. அந்தப் பயம் பிள்ளையின் கைக்கும் ஏறிவிடுகிறது.

ஆனால் எல்லாக் குற்றமும் இந்த உபசாரத்துக்கு உரியதன்று. பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றில் குற்றம் காண்பவன் பசுவும் கன்றும் என்று வேதாந்தம் பேசலாகாது. நான்கு டயர்களில் இரண்டின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கிலக்க எண், அவை செய்யப்பட்டு எட்டு வருஷம் ஆயிற்று என்று காட்டியதால், அவற்றை மாற்றினாலொழியப் பணம் தருவதில்லை என்று நின்றோம். இன்னொரு குறை இருந்தது; அதைப்பற்றி எனக்கு இன்றும் மனம் சமாதானமாகவில்லை. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் செய்யப்படும் கார்களில் ஓட்டுபவருக்கு ஏர்பேக் கட்டாயம். இந்த வண்டி அதற்கு முந்தியது, அதில் இல்லை. கையில் இருந்த தொகைக்கு அது இருக்கும் வண்டி கிடைக்கவில்லை என்பது காரணம். காரணம் இருப்பதால் குறை குறையாமல் போவதில்லை. நெடுஞ்சாலைக்கோ, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேலோ, கற்றுத் தேரும்வரை போவதில்லை என்று மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு முடிந்தது. "பேர் மாத்தறதை அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றார் தரகர். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறாதவரை, வண்டி செய்யும் விபத்துக்குப் பதிவில் உள்ளவரே உடைமையாளராகப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. செய்யாத வினை ஒருவர் தலையில் ஏறுவதைச் சாஸ்திரம் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் சட்டம் ஒப்புகிறது. அந்தக் கோணல் பாதத்துக்காரருக்கு, அவர் யாராயினும், அப்படி ஓர் உபத்திரவம் வேண்டாமென்று படிவம் 29-இலும் 30-இலும் அன்றே கையெழுத்து வாங்கினோம்.

மூன்றாவது வாரம் ரயில்வே மேம்பாலத்தில் ஏறினோம். பாலத்தின் பாதியில் முன்னே சென்ற ஆட்டோ நின்றது. அவள் பிரேக்கை மிதித்தாள், கிளட்சை மறந்தாள், எஞ்சின் நின்றது. பின்னால் செங்கல் லாரி. அவள் சாவியைத் திருப்ப, பதற்றத்தில் கால் பிரேக்கிலிருந்து விலக, வண்டி ஒரு சாண் பின்னுக்கு உருண்டது. நான் சிந்தித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். என் வலக்கை நடுவிலிருந்த பிடியை இழுத்திருந்தது, வண்டி நின்றுவிட்டிருந்தது. என் உள்ளங்கைக்கு அடியில் இரும்பு தட்டுப்படவில்லை. அங்கே அவளுடைய இடக்கை எனக்கு முன்பே வந்து பிடியைப் பற்றியிருந்தது. எது நிறுத்தியது என்று விசாரிக்க அவகாசமில்லாமல் லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் எஞ்சினைக் கிளப்பி, முதல் கியரைப் போட்டு, பாதிக் கிளட்சில் வண்டி மூக்கைத் தூக்கும்வரை காத்திருந்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"கையை எடுங்க, மாமா."