யார் உகந்த உருவம்?

அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. சங்கும் சக்கரமும் ஏந்திய திருமேனியை எதிர்பார்த்துப் போகிறவர் கருவறை முன் சற்றுத் திகைப்பார். அங்கே மூலவர் ஒரு கம்பம். நெடிய கல்தூண், அதில் அனுமன் உருவம். தொலைந்த பசுவைத் தேடிப்போன குடியானவர் ஒருவர் அதைக் காட்டில் கண்டெடுத்தார் என்கிறது தலபுராணம். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் குலதெய்வம். விளைச்சலில் ஒரு பங்கும், நேர்ந்துவிட்ட மாடுகன்றும் இன்றும் கோயிலுக்கு வருகின்றன. இந்த உருவத்தை ஆகமம் படித்த எவரும் வரைந்து கொடுக்கவில்லை. மாடு தேடிப் போனவருக்கு எது கண்ணில் பட்டதோ, பெருமாள் அதிலேயே நின்றுவிட்டார்.

வைணவத்துக்கு இது விசித்திரமில்லை. அடியார் விரும்புகிற உருவத்தையும் பெயரையும் இறைவன் தனதாக ஏற்றுக்கொள்கிறான் என்று பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியிலேயே பாடிவிட்டார். எட்டாத உயரத்தில் இருப்பது பரத்துவம். இறங்கி வந்து எளியவனாக நிற்பது சௌலப்பியம். இரண்டில் எது பெரியது என்ற வழக்கில் உரையாசிரியர்கள் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம்தான் சாய்ந்தார்கள்.

இந்த வழக்கை ஒரு பல்கலைக்கழக இணையதளத்தின் முன் கொண்டுபோய் வைப்பது விளையாட்டாகத் தோன்றலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து பார்த்தால் அது விளையாட்டில்லை.

திருச்சியில் 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இவ்விரு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் வருகின்றன. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ இருந்து கல்லூரிக்குப் போகும் மாணவி மூன்று ஆண்டுப் படிப்பில் பல்கலைக்கழக வளாகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம். எந்த இணைவுப் பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும். அவளைப் பொறுத்தவரை பல்கலைக்கழகம் என்பது கைப்பேசியில் திறக்கும் ஒரு பக்கம். ஹால் டிக்கெட் அங்கே, ரிசல்ட் அங்கே, அரியர் கட்டணம் அங்கே. பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறும் வரை, அப்பாவும் மகளும் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்தார்கள். அலைச்சல்தான், ஆனால் “சார், இது எங்க?” என்று கேட்க அங்கே ஒரு மனிதர் இருந்தார். இப்போது பயணம் மிச்சம். அந்த மனிதரும் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய முழுப் பாரமும் திரையின் மேல் விழுந்திருக்கிறது.

அந்தத் திரை யாரை நோக்கி நிற்கிறது?

ராண்டல் மன்றோ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் 2010-இல் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்றில், பல்கலைக்கழகத் தளத்தின் முகப்பில் இருப்பவை: வளாகப் படங்கள், பெருமைச் செய்திகள், தலைவரின் கடிதம். மற்றதில், மக்கள் அங்கே தேடி வருபவை: தொலைபேசி எண், விண்ணப்பம், கல்வி நாள்காட்டி, வளாக வரைபடம். இரு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர். நம் ஊர்த் தளங்களுக்கு வட்டத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. துணைவேந்தர் படம், ஓடும் எழுத்தில் வாழ்த்து, மின்னும் ‘நியூ’ முத்திரை ஆகியவற்றைச் சேர்த்தால் போதும்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. நிறுவனம் தன்னைப் பார்க்க வரும் பெரியவர்களை நினைத்து உடுத்திக்கொள்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது, தரவரிசை வருகிறது, அமைச்சர் வருகிறார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கருத்துக் கேட்பதற்கே நாக் கையேட்டில் மதிப்பெண் இருந்தது. பாடத்திட்டம் பற்றி மாணவர், ஆசிரியர், பணியமர்த்துவோர், முன்னாள் மாணவர் ஆகியோரிடம் கருத்துப் பெறுவது 1.4 என்ற எண்ணில் வந்தது. பெற்று, அலசி, நடவடிக்கை எடுத்து, அதைத் தளத்திலும் வெளியிட்டால் முழு மதிப்பெண். வெறுமனே பெற்று வைத்துக்கொண்டால் கடைசிக்கு முந்தைய படி. ‘கேட்பது’ என்ற ஒரே செயலில் இத்தனை படி இருக்கிறது என்று அந்தக் கையேடு கண்டுகொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் மதிப்பெண் என்று வந்த பிறகு நடப்பதும் ஊரறிந்ததுதான். வகுப்பில் கூகுள் ஃபார்ம் இணைப்பு வரும், “எல்லாரும் ‘எக்ஸலண்ட்’ போடுங்கப்பா” என்ற அறிவுரையும் கூடவே வரும்.

இந்தப் படிக்கணக்கு புதிதல்ல. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். மேல்படியில் முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கையில். அடிப்படியில் மக்களைத் தட்டிக்கொடுத்துக் கையெழுத்து வாங்கும் சூழ்ச்சி. கலந்தாலோசனைக்கு அவர் கொடுத்த இடம் நான்காவது படி. கேட்டது கணக்கில் கொள்ளப்படும் என்ற உறுதி இல்லாவிட்டால் அதுவும் ஒப்புக்குச் செய்வதுதான் என்றார்.

ஒரு மறுப்பு எழும். மாணவர் என்ன வாடிக்கையாளரா? அவர் விரும்பியபடி நிறுவனம் உருமாற வேண்டும் என்பது கடைத்தெரு நியாயம் இல்லையா? மறுப்பு நியாயமானது போலத் தெரியும். ஆனால் தலைகீழாக நிற்கிறது. கடைக்காரர் வாடிக்கையாளரைக் கேட்பதற்குக் காரணம், அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம். ஜெயங்கொண்டத்து மாணவர் தன் ரிசல்ட்டைப் பார்க்க அடுத்த பல்கலைக்கழகத்தின் தளத்துக்குப் போக முடியாது. தளம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும். நள்ளிரவில் எழுந்து முயல்வார், பணம் பிடித்துக்கொண்டு ‘ஃபெயில்ட்’ என்று காட்டினாலும் மறுபடி கட்டுவார். போட்டியே இல்லாத இடத்தில், கேட்கும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த எந்தச் சக்தியும் இல்லை. அங்கே கேட்பதற்கு அறம் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்.

சௌலப்பியம் என்ற கருத்து கூர்மை பெறுவதும் இங்கேதான். கீழே இருப்பவன் பணிவதை யாரும் குணம் என்று கொண்டாடுவதில்லை. இறங்கி வர எந்தக் கட்டாயமும் இல்லாதவன் இறங்கி வரும்போதுதான் எளிமை ஒரு குணமாகிறது. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இறைவனின் ஐந்து நிலைகளையும் தண்ணீரைக் கொண்டு விளக்குகிறார். உள்ளுறையும் நிலை பூமிக்கடியில் இருக்கும் நீர், பரமபத நிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர், வியூகம் பாற்கடல், அவதாரங்கள் ஒரு காலத்தில் பெருகி ஓடிய ஆறு, கோயிலில் நிற்கும் அர்ச்சை, அந்த ஆறு வடிந்த பின் மடுக்களில் தேங்கிய நீர். எல்லாம் நீர்தான். தாகம் எடுத்தவன் குனிந்து அள்ளக்கூடியது கடைசியில் சொன்னது. மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் வானத்தைப் பார்த்து நிற்கும் பெரம்பலூர்க்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்திடம் எல்லாத் தகவலும் இருக்கிறது என்பது பூமிக்கடியில் நீர் இருக்கிறது என்பதைப் போன்ற உண்மை.

ஆசாரியர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: அர்ச்சையில் வந்த பிறகு பெருமாள் அர்ச்சகருக்கு வசப்பட்டவர். அவர் நீராட்டினால் நீராட்டு, அவர் அமுது படைத்தால் அமுது. இதன் அழகு ஒருபுறம் இருக்க, அர்ச்சகர் சாவியோடு ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது நடைமுறைச் சிக்கல். தளத்தைச் செய்து கொடுத்த கம்பெனியின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து, கடவுச்சொல் யாரிடம் என்று தெரியாமல் முழிக்கும் நிர்வாகங்களுக்கு இது புரியும்.

சரி, அடியார் உகந்த உருவம் என்கிறோம். எந்த அடியார்? பெரும்பான்மையா? வேதாந்தத்தில் இதற்குச் சூத்திரம் கிடைக்காது, சட்டப் புத்தகத்தில் ஒரு வழி கிடைக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரண், கட்டாயத் தரங்கள் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று வந்த பிரக்யா பிரசூன் தீர்ப்பு, இணையவழி அணுகலை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவோடு, அதாவது வாழும் உரிமையோடு சேர்த்தது. ஆயிரம் பேர் நிரப்பிய படிவத்தில், பார்வையற்ற ஒரே மாணவரின் வரி எண்ணிக்கையில் கரைந்துபோகும். சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து படமாக ஏற்றினால் திரைவாசிப்பான் ஊமையாகிவிடும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தமிழை ஏற்றினால் அது கருவிக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். ஆகவே முகப்பின் நிறம் என்ன என்பதை வாக்கெடுப்புக்கு விடலாம். ஒருவர் உள்ளே வர முடியுமா என்பதை விட முடியாது.

வளாகத்துக்குள் கருத்துக் கேட்பதன் பெரிய ஓட்டையும் இதுதான். உள்ளே இருப்பவர்கள் எப்படியோ உள்ளே வந்துவிட்டவர்கள். விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் சாதிச் சான்றிதழ் ஏறாமல் கைவிட்ட பெண்ணிடம் யாரும் படிவம் நீட்டப் போவதில்லை. அவள் எங்கே தடுக்கினாள் என்பது பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவருக்குத் தெரியும். எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருவகையில் அவர் பிழைப்பே தளத்தின் குழப்பத்தில்தான் நடக்கிறது.

வேற்றூரிலிருந்து வந்து உருவம் மாற்றிய ஒருவர் அரியலூர் மாவட்டத்திலேயே வாழ்ந்திருக்கிறார். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, கொள்ளிடக் கரையோரம் ஏலாக்குறிச்சியில் தங்கி வீரமாமுனிவர் ஆனார். ஐரோப்பியப் பாதிரியின் அங்கியைக் கழற்றிவிட்டுத் தமிழ்த் துறவியின் உடைக்கு மாறினார். சுப்ரதீபக் கவிராயரிடம் உட்கார்ந்து தமிழ் கற்றார். சூசையப்பரின் கதையை 3,615 பாடல்களில் தேம்பாவணியாக்கினார். குறில் நெடில் மயக்கம் தீர எகர, ஒகர எழுத்துகளின் வடிவத்தையும் திருத்தினார். வாசகன் எங்கே தடுமாறுகிறான் என்று கவனித்தவருக்குத்தான் அந்தத் திருத்தம் தோன்றும். தம் சமயத்தின் சாரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மாறியது அது நின்ற கோலம் மட்டுமே.

இவ்விரு மாவட்டக் கல்லூரிகளோ, அவற்றை இணைத்துக்கொண்ட பல்கலைக்கழகங்களோ அடுத்த முறை தளத்தைப் புதுப்பிக்க டெண்டர் விடும்போது, முதலில் ஒரு மதியம் அந்த பிரவுசிங் சென்டரில் ஆள் அனுப்பி உட்கார வைக்கட்டும். திரைவாசிப்பான் வைத்திருக்கும் மாணவரிடம் வேலை முடிந்த பிறகு காட்டாமல், தொடங்கும் முன்பே கேட்கட்டும். கேட்டதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதைத் தமிழில் எழுதி, துணைவேந்தர் படம் இருக்கும் அதே முகப்பில் போடட்டும்.