ஒட்டுப் போட்ட பிடி

ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வைக்காதே என்று பிள்ளையை எச்சரிக்காத தகப்பனார் நம் நாட்டில் அபூர்வம். ஒருவனுக்கு ஒரு தொழில் என்பது நமக்கு ஏறக்குறைய ஒரு தர்மமாகவே ஆகிவிட்டது. சென்ற மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் ஓர் இளைஞரைச் சந்தித்த பிறகு அந்தப் பழமொழியைப் பற்றி நான் புதிதாக யோசிக்க வேண்டியதாயிற்று.

அவருடைய பாட்டனார் நாகஸ்வர வித்வான். பேரன் கையில் ஸாக்ஸபோன். 2019-இல் மறைந்த கத்ரி கோபால்நாத் நாகஸ்வரத்தில் தொடங்கி, மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் கேட்ட ஸாக்ஸபோனுக்கு மனத்தைப் பறிகொடுத்து, அந்த மேல்நாட்டுக் குழலை நம் கமகங்களுக்கு வசப்படுத்தினாரே, அந்த வழி. மாலையில் கச்சேரி, கல்யாணம்; பகலில் திருச்சியில் ஒரு கூடத்தில் ஒலிப்பதிவு வேலை.

"இரண்டில் எதை விடுவது, ஐயா?" என்று கேட்டார்.

"எதற்காக விடவேண்டும், தம்பி? ஸாக்ஸபோனை உண்டாக்கி 1846-இல் காப்புரிமை வாங்கிய அடால்ப் ஸாக்ஸ் பட்டறையும் நடத்தினார். 1857 முதல் பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் பாடமும் சொல்லிக் கொடுத்தார். உங்கள் ஊரில் வளர்ந்த சுஜாதா எஞ்சினீயராக உத்தியோகம் பார்த்துக்கொண்டேதான் கதை எழுதினார்."

அவர் தலையை அசைத்தார். கஷ்டம் நேரத்தைப் பற்றியதல்லவாம்.

தம்முடைய கல்யாணி ஆலாபனையை அவரே பதிவு செய்திருக்கிறார். மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் மூச்சுத் தளர்ந்து ஸ்வரம் பிசகிவிட்டது. உடனே இளைப்பாறி, புது மூச்சோடு அந்தப் பிடியை மட்டும் தனியாக வாசித்து, பிசகிய இடத்தில் ஒட்டிவிட்டார். ஒட்டுத் தெரியவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் அந்தப் பிடியையே புகழ்ந்தார்கள். "மேடையில் அந்த இடம் எனக்கு இன்னும் வரவில்லை, ஐயா. ஆனால் அதைக் கேட்டுத்தான் கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள்" என்றார்.

நானும் பக்கம் பக்கமாக அடித்துத் திருத்துகிறவன்தான். என்னை யாரும் பொய்யன் என்று சொல்வதில்லை. ஒரே மூச்சில் எழுதினேன் என்று வாசகர் நம்புவதில்லை அல்லவா? ஆலாபனையைக் கேட்கிறவரோ அப்படி நம்பியே தலையாட்டுகிறார். வித்தியாசம் அந்த நம்பிக்கையில் இருக்கிறது.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. அந்தக் காலத்தில் வித்வான்கள் நிலையத்தில் உட்கார்ந்து பாடப் பாட, அது அப்படியே ஊருக்குப் போயிற்று. பிசகினால் பிசகும் போயிற்று. பிறகு ஒலிநாடா வந்தது. வேகம் விநாடிக்குப் பதினைந்து அங்குலமானால், ஒரு விநாடிப் பிசகைப் பதினைந்து அங்குலமாக பிளேடால் வெட்டி எறியலாம். இப்போது கம்ப்யூட்டரில் பிளேடும் வேண்டாம்.

ஆனால் அப்போதும் இப்போதும் பெரும்பாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். வித்வான் என்ன வாசித்தார் என்பது பதிவு செய்தவருக்குத் தெரியும். எதை வெட்டினார்கள் என்பது வித்வானுக்குத் தெரியும். ஒருவருக்கு ஒருவர் சாட்சி. இரண்டு பேரும் ஒரே உடம்பில் குடியிருந்தால் சாட்சி போய்விடுகிறது. இரட்டைத் தொழிலின் உண்மையான ஆபத்து இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக ஒன்றை விட்டுவிட வேண்டுமா? முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஒரே தண்ணீர்தான். ஒன்று வயலுக்குப் பாய்கிறது. மற்றது வெள்ளத்தைக் கொண்டு போகிறது. பிரிந்ததில் குற்றமில்லை. ஆனால் மேலே மேலணையும் கீழே கல்லணையும் காவல் நிற்கவேண்டியிருக்கிறது.

"நீங்கள் ஒட்டியது திருட்டல்ல, தம்பி, கடன். பதிவு செய்கிறவர் வாங்கினார்; வாசிக்கிறவர் சாதகம் செய்து அடைக்கவேண்டும்" என்றேன்.

"அடைக்கிற வரையில், புகழ்கிறவர்களுக்கு என்ன சொல்வது?"

"ஒட்டினேன் என்று சொல்லுங்கள்."

அவர் முகம் வாடிற்று. இதைச் சொல்வதால் எனக்கு ஒரு கச்சேரியும் நஷ்டமில்லை, அவருக்கு உண்டு. அது தெரிந்தும் வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.