பருந்தின் பசியும் கிளியின் உயிரும்

சிபிச் சக்கரவர்த்தியின் கதையைத் தமிழர் புறாவின் கதையாகவே நினைவுகூர்வர். ஆயின் அக்கதையில் பருந்துக்கும் ஒரு வழக்குண்டு. புறாவைக் காத்தால் தான் பசியால் மடிய நேரும் என்பதே அவ்வழக்கு. மன்னன் அதனை மறுத்தானல்லன், பருந்தைக் கொன்றானுமல்லன், தன் தசையை அரிந்து துலையில் இட்டான். அருகிவரும் ஓர் உயிரினத்தைக் காக்கப் பிறிதோர் உயிரை ஒடுக்கலாமா என்னும் வினாவை ஆராய்வார்க்கு இப்பழங்கதை துணைசெய்யும்.

அவ்வினா வெறுங்கற்பனையன்று. கரீபியன் கடலிலுள்ள புவேட்டோ றிக்கோத் தீவுக்கே உரிய பச்சைக்கிளியினம் ஒருகாலத்தில் அங்குப் பல்லாயிரமாகப் பெருகி வாழ்ந்தது. 1975 இல் காட்டில் எஞ்சியவை 13 மட்டுமே. கூண்டில் வளர்ந்த கிளிகளை 2000 ஆம் ஆண்டு தொடக்கம் லுக்கில்லோ மலைக்காட்டில் விடுவித்தனர். அவற்றுட் பல செவ்வாற் பருந்துகளுக்கு இரையாயின. எண்ணிக்கை அருகிய இனத்தில், பருந்தின் ஒருவேளை உணவும் பேரிழப்பாகின்றது.

ஆகவே பருந்துகளை அகற்றுதலே முறை என்பார் உளர். அவர் கூற்றை எளிதிற் புறந்தள்ளல் இயலாது. செவ்வாற் பருந்து வட அமெரிக்காவெங்கும் பரந்து வாழ்வது. அக்கிளிக்கோ அத்தீவன்றி வேறு தாயகம் இல்லை. எனினும் காரணத்தை நோக்குதல் வேண்டும். பருந்தும் கிளியும் அத்தீவில் நெடுங்காலம் ஒருங்கே வாழ்ந்தவை. பயிர்ச்செய்கைக்காகக் காட்டை அழித்தவனும், வீட்டில் வளர்த்தற்காகக் குஞ்சுகளைக் கவர்ந்தவனும் மனிதனே. கிளியைக் கூண்டிலிட்டு அழகு பார்த்தவனே பருந்தைக் கொடியது எனல் தன் கடனைப் பிறர் கணக்கில் எழுதுதலை ஒக்கும்.

ஆய்வாளர் பிறிதொரு வழியும் கண்டனர். பருந்தின் உருவத்தைக் கூண்டின் மேலாகச் செலுத்தியும், அதன் குரலைக் கேட்பித்தும், பயிற்றிய பருந்தொன்று வேறோர் இனக் கிளியைத் தாக்குவதைக் காட்டியும், விடுவிக்கப்படவிருந்த கிளிகளுக்கு அச்சத்தைக் கற்பித்தனர். கூண்டில் அச்சமறியாது வளர்ந்த உயிருக்கு அச்சமே கொடையாயிற்று. ஆயினும் அப்பயிற்சிக்கு ஆளான வேற்றினக் கிளியின் துன்பமும் ஒரு விலையே என்பதை மறத்தலாகாது.

2006 இல் றியோ அபாகோக் காட்டிலும் கிளிகள் விடப்பட்டன. 2017 இல் மரியா சூறாவளி லுக்கில்லோக் காட்டுக் கிளிகளை ஏறத்தாழ முற்றாக அழித்தபோது, றியோ அபாகோவில் ஒரு கூட்டம் எஞ்சியது. கிளிக்கு மீண்டும் காடு ஈதலே மனிதன் துலையில் இடவேண்டிய தசை என்பதை இது புலப்படுத்துகின்றது. வெள்ளவத்தைக் கடலோரத்தில் வட்டமிடும் செம்பருந்துக்கும் பசி உண்டு. அப்பசியைக் குற்றமாக்கிப் பிறக்கும் கருணை, தன்பால் எதனையும் இழக்கத் துணியாத கருணையாகும். அதனைச் சிபியின் அறத்தோடு ஒருங்குவைத்து எண்ணுதல் பொருந்தாது.