குறைந்த அளவுக்கு மட்டும்

ஃபோம்

பழைய ஸ்பீக்கரில் முதலில் போவது ஃபோம்தான். தாழ்ந்த ஒலி தரும் வூஃபரின் காகிதக் கோனையும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம் அது. பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். அப்புறம் தொட்டால் பிசுபிசுக்கும், பிறகு உதிரும். பாலியூரித்தேனைக் காற்றின் ஈரம் மெதுவாகச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. தினமும் பாட்டுக் கேட்டாலும் சரி, துணியைப் போர்த்தி மூலையில் வைத்தாலும் சரி, கெடு ஏறத்தாழ ஒன்றுதான். பயன்படுத்தாமல் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்ற நம் வழக்கமான சிக்கனம் இங்கே பலிப்பதில்லை.

என் மேசையில் மல்லாந்து கிடப்பது ஒரு ஏ.ஆர்-3ஏ. மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில், தார்ன்டைக் தெருவில் இருந்த அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி 1967-இல் கொண்டுவந்த மாடல். 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கு ஒன்றரை அங்குல டோம், உச்ச ஒலிக்கு முக்கால் அங்குல டோம். வீட்டைக் காலி செய்கிறவர்கள் வாசலில் பரப்பி விற்கும் சாமான்களுக்கு நடுவே இன்றும் எப்போதாவது ஒரு ஜோடி அகப்படும். முன்பக்கத் துணியை எடுத்தால் வூஃபரின் அடியில் கறுப்புத் தூள் சேர்ந்திருக்கும்.

இந்த மாடலின் தொடக்க கால வூஃபர்களுக்குத் துணியால்தான் ஓரம் கட்டினார்கள். ஃபோம் பின்னால் வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் துணி ஓரங்கள் பல பிழைத்திருக்கின்றன. புதிதாக வந்த பொருள்தான் முதலில் உதிர்ந்தது.

காற்று

எட்கர் வில்ச்சுர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறுஆக்கம் பற்றி வகுப்பெடுத்தவர். அவர் காலத்து ஸ்பீக்கர்களில், நகர்ந்த கோனைத் திரும்ப இழுத்து நிறுத்துவது அதன் தாங்கல்களின் விறைப்பு. தாழ்ந்த ஒலிக்குக் கோன் நிறைய நகர வேண்டும். அப்படி நகரும்போது அந்த விறைப்பு சீராக இழுப்பதில்லை, ஒலி சிதைகிறது. விறைப்பை எடுத்துவிடுவோம், காற்றுப் புகாமல் அடைத்த பெட்டியில் இருக்கும் காற்றே ஸ்பிரிங்காக இருக்கட்டும் என்று வில்ச்சுர் நினைத்தார். காற்று எவ்வளவோ சீரான ஸ்பிரிங்.

சோதித்துப் பார்க்க அவர் புது ஸ்பீக்கர் எதுவும் வார்க்கவில்லை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து அதன் விறைத்த ஓரத்தை வெட்டி நீக்கினார். மெத்தை உறைக்கான தடித்த பருத்தித் துணியில் அவர் மனைவி ரோஸ்மேரி செய்து கொடுத்த நெகிழ்ந்த ஓரத்தை அந்த இடத்தில் ஒட்டினார். பிளைவுட் பெட்டிக்குள் வைத்து அடைத்தார். வகுப்பில் மாணவராக இருந்த ஹென்றி கிளாஸ் கூட்டுச் சேர, 1954-இல் கேம்பிரிட்ஜில் கம்பெனி பிறந்தது. 1956-இல் காப்புரிமை கிடைத்தது.

இதைப் படித்தபோது கையிலிருந்த வேலை கொஞ்சம் நிமிர்ந்தது. வீட்டு ஸ்பீக்கரின் வரலாற்றைத் திருப்பிய ஒரு கண்டுபிடிப்பு, இருந்த ஸ்பீக்கரில் ஒரே ஒரு பாகத்தை மாற்றியதில் தொடங்கியிருக்கிறது. அந்தப் பாகம் கூட விலை உயர்ந்ததில்லை. எதை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஓரம்

மாற்று ஃபோம் வாங்குவது இன்று எளிது. விற்பவர்கள் ரப்பர் ஓரத்தையும் கூடவே காட்டுவார்கள். காலத்துக்கும் உழைக்கும் என்பார்கள். ரப்பர் நெடுநாள் வரும் என்பது உண்மை. ஆனால் தடித்த ரப்பருக்கு விறைப்பும் எடையும் உண்டு. வில்ச்சுர் வெட்டி எறிந்த விறைப்பை நாம் காசு கொடுத்துக் கொல்லை வழியாக உள்ளே அழைத்து வந்தால், அதற்கு மேம்பாடு என்று பெயர் வைக்க முடியாது. இந்த வூஃபர் பெட்டிக்கு வெளியே 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே அதிர்வது; பெட்டியை மூடியதும் உள்ளிருக்கும் காற்று அதை 40-க்குச் சற்று மேலே கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்தக் கணக்கில் ஓரத்தின் பங்கு, குறுக்கே நிற்காமல் இருப்பது. கோனை நடுவில் நிறுத்த வேண்டும், காற்றை விடக் கூடாது. அதைச் செய்கிற மெல்லிய ஃபோம் போதும். பதினைந்து வருடம் கழித்து இன்னொரு முறை ஒட்டலாம்.

வேலையில் பெரும்பகுதி சுரண்டுவதுதான். பழைய ஃபோமும் பழைய பசையும் கோன் விளிம்பில் ஒட்டிக் கிடக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஊறவிட்டு, நகத்தாலும் மழுங்கிய கத்தியாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். காகிதம் நனைந்தால் மென்மையாகிவிடும். அப்போது கையை எடுத்துவிட்டுக் காயும்வரை சும்மா இருப்பதும் வேலைதான். முதலில் கோனில் ஒட்டிக் காயவிட வேண்டும். சட்டத்தில் ஒட்டுவது அதன் பிறகு.

சட்டத்தில் ஒட்டும் நேரம்தான் நுட்பமானது. கோனுக்கு அடியில் இருக்கும் காயில், காந்தத்தின் குறுகிய இடுக்கில் எதன்மேலும் உரசாமல் மேலும் கீழும் போய்வர வேண்டும். ஒரு முடி அகலம் விலகினாலும் உரசும். ஆம்பிளிஃபயரில் இணைத்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டால் கோன் கண்ணுக்குத் தெரியும்படி மெல்ல ஏறி இறங்கும். பசை ஈரமாக இருக்கையில் ஓரத்தை ஒரு பக்கம் நகர்த்தினால் உரசல் கேட்கும். திருப்பி நகர்த்தினால் நின்றுவிடும். உரசல் இல்லாத அந்த இடத்தைக் காது சொல்ல, விரல் அழுத்திப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் மனசு வேறெங்கும் போவதில்லை.

காய்ந்தபின் வூஃபரைப் பெட்டியில் பொருத்தி, இடுக்குகளை மக்கு வைத்து அடைத்துவிட்டுக் கோனை இரண்டு கையாலும் சமமாக அழுத்தி விட வேண்டும். வெடுக்கென்று எழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. நிதானமாக எழுந்து வந்தால் பெட்டி காற்றைப் பிடித்திருக்கிறது.

கெபாசிட்டர்

ஒலியை மூன்று ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பெட்டிக்குள்ளே இருக்கிறது. இந்த மாடலில் பிரிவு 575 ஹெர்ட்ஸிலும் 5000 ஹெர்ட்ஸிலும் நடக்கிறது. 6, 50, 150 மைக்ரோஃபாரட் என்று மூன்று கெபாசிட்டர்கள். ஐம்பது வருடத்தில் இவற்றின் அளவு நகர்ந்திருக்கும். அளவு நகர்ந்தால் பிரிக்கும் இடமும் நகரும். உச்ச ஒலி தரும் டோமுக்கு, அதாவது ட்வீட்டருக்குப் போகிற கெபாசிட்டரின் அளவு கூடிவிட்டால், அது தாங்கக் கூடாத தாழ்ந்த ஒலியும் அதன் தலையில் விழும்.

மாற்ற வேண்டியதுதான். எதைப் போடுவது என்பதில்தான் ஆசை உள்ளே வருகிறது. பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டர் காய்ந்து கெடாது, அளவு மாறாது. அது நியாயமான மேம்பாடு. அதற்கு மேலே செம்புத் தகடு, வெள்ளித் தகடு என்று ஏணி போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்பீக்கரை வாங்கிய விலையை ஒரே கெபாசிட்டர் தாண்டிவிடும். ஏணியின் எந்தப் படியில் நின்றாலும் ட்வீட்டருக்குத் தெரிவது 6 மைக்ரோஃபாரட் மட்டும். 150-க்கு ஃபிலிம் தேடினால் விலையும் பருமனும் மிரட்டும். அந்த இடத்தில் புதிய நான்-போலார் எலெக்ட்ரோலிட்டிக் போடுகிறவர்கள் ஏராளம். அதில் குறையில்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய எலெக்ட்ரோலிட்டிக்குக் கொஞ்சம் உள்தடை இருந்தது. வடிவமைத்தவர் அந்தத் தடையோடுதான் கேட்டு, போதும் என்று நிறுத்தினார். ஃபிலிமில் அந்தத் தடை இல்லாததால் சில ஸ்பீக்கர்களில் உச்ச ஒலி தூக்கலாகிவிடும். ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்தால் பழைய சமன் திரும்பும். உயர்ந்த பாகத்தை வாங்கி, அதன் உயர்வைக் கொஞ்சம் குறைத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. இந்த வேலை கற்றுத் தந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

துரு

ஏ.ஆர்-3ஏயின் முதுகில் இரண்டு திருகிகள். நடு ஒலியையும் உச்ச ஒலியையும் அறைக்கேற்பக் கூட்டிக் குறைக்க வைத்தவை. உள்ளே கம்பி சுற்றிய தடை; அதன்மேல் நகரும் தகட்டில் துரு ஏறிவிடும். ட்வீட்டர் மங்கும், சில நாள் முழுக்க ஊமையாகும். ட்வீட்டர் எரிந்துவிட்டது என்று பலர் புதிதாக ஒன்றைத் தேடி வாங்குவது இந்தக் கட்டத்தில்தான். திருகியைத் திறந்து, துருவை நீக்கி, திருப்பிப் பூட்டினால் ஊமை பேசும். துரு ஆழமாக அரித்திருந்தால் அந்தத் திருகிக்குப் பதிலாக எல்-பேட் என்ற புதிய திருகியைப் போடலாம். எது கெட்டது என்று தெரியும்முன் எதையும் வாங்காமல் இருப்பது இந்தத் தொழிலில் பெரிய சேமிப்பு.

தொடாதவை

செம்புக் காயில்கள் ஐம்பது வருடத்தில் மாறவில்லை. காந்தம் மாறவில்லை. பெட்டி மரம் மாறவில்லை. உள்ளே அடைத்த கண்ணாடிப் பஞ்சு அழுக்காகத் தெரியும். அதை எறிந்துவிட்டுத் தலையணைப் பஞ்சு அடைக்கத் தோன்றும். அந்தப் பஞ்சு வெறும் அடைப்பு இல்லை. உள்ளிருக்கும் காற்று அழுந்தும்போது எழும் சூட்டை வாங்கிக்கொண்டு, பெட்டி இருப்பதைவிடப் பெரியதுபோல நடக்கச் செய்கிறது. அதன் எடை ஒரு கணக்கு. கையுறையும் முகமூடியும் போட்டு எடுத்து, அவ்வளவையும் திரும்ப வைப்பதே நல்லது.

நவீன ட்வீட்டர் ஒன்றைப் பொருத்திப் பார்க்கவும் கை அரிக்கும். கிராஸ்ஓவர் பழைய ட்வீட்டரின் தடைக்கும் சத்தத்துக்கும் ஏற்பக் கட்டப்பட்டது. புதியது தனியாகப் பார்த்தால் சிறந்ததுதான். இந்தப் பெட்டியில் அது முந்திக்கொண்டு பேசும், மற்ற இரண்டும் பின்னால் போய்விடும்.

காது

ஃபோம் ஒரே நாளில் உதிர்வதில்லை. வருடக்கணக்கில் தாழ்ந்த ஒலி தளர்கிறது, காது அதற்குப் பழகிக்கொள்கிறது. சரிசெய்த ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும்போது முதலில் அது அதிகமாகப்படும். எதை வைத்துச் சரிபார்ப்பது? ஏ.ஆர் கம்பெனி இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் கலைஞர்களை மேடையில் வாசிக்க வைத்து, இடையிடையே அவர்கள் வில்லை ஓசையின்றி அசைக்க, முன்பே பதிந்த ஒலியை ஸ்பீக்கரில் தொடரவிட்டார்கள். மாறிய இடத்தைப் பலரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு ஸ்பீக்கரை இன்னொரு ஸ்பீக்கரோடு ஒப்பிடுவதைவிட இது நேர்மையானது. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட தம்புராதான் எனக்கு அளவு.

அந்தக் காதும் தேய்கிறது. வயது ஏற ஏற உச்ச ஒலிகள்தான் முதலில் போகின்றன. வில்ச்சுர் 1967-இல் கம்பெனியை டெலிடைனுக்கு விற்றுவிட்டு, மீதி வாழ்நாளின் பெரும்பகுதியைக் காது கேளாமை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். காது மந்தமானவர் பலருக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. பலத்த ஒலியோ மற்றவர்களுக்குப் போலவே பலமாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கினால் வலிக்கும். ஆகவே ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் எவ்வளவு போயிருக்கிறதோ அதற்கேற்ப, மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் குறைவாகவும் பெருக்க வேண்டும் என்றார். 1973-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். காப்புரிமை கேட்கவில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய காது மெஷின்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. 2011-இல் தம் 94-ஆம் வயதில் காலமானார்.

மேசையில் கிடக்கும் பெட்டிக்கும் இதே விதி போதும். எங்கே குறைந்திருக்கிறதோ அங்கே, குறைந்த அளவுக்கு மட்டும். அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் நம் ஆசையின் ஒலி.

குறித்து வைத்தல்

பழைய ஸ்பீக்கரைத் திறக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றிய பாகங்களை எறியாதீர்கள். ஒரு உறையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். திறந்தபோது கெபாசிட்டரில் இருந்த அளவு, நீங்கள் போட்ட அளவு, சேர்த்த ரெசிஸ்டர், பஞ்சின் எடை, தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உள்சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் ஒட்டிய ஃபோமும் ஒருநாள் உதிரும். அன்றைக்குத் திறக்கிறவருக்கு எண்கள்தான் வேண்டும். பிராண்டு பெயரை விட்டுவிடலாம்.