அடங்குவது யார்?

அடியாத மாடு படியாது என்பார்கள். மாட்டின் கதை எப்படியோ, மூன்று வயதுக் குழந்தைக்கும் அதையே சொல்லலாமா என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து உளவியல் அறிஞர் ஜெரால்ட் பாட்டர்சன், குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே கவனித்து 1982-ல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்டது இது: தாய் ஒரு வேலை சொல்கிறாள், குழந்தை வீறிடுகிறது, 'தொலைந்து போ' என்று அவள் விட்டுவிடுகிறாள். அழுதால் காரியம் ஆகும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. மறுநாள் அவள் கை ஓங்குகிறாள், வீடு அமைதியாகிறது. அடித்தால் காரியம் ஆகும் என்று அவள் கற்றுக்கொள்கிறாள். நாளுக்கு நாள் அழுகையும் வளர்கிறது, அடியும் வளர்கிறது. இதில் யாருக்கு யார் ஆசிரியர்?

ஐம்பது ஆண்டு ஆய்வுகளை 2016-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அடி வாங்கிய குழந்தைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகவே தென்பட்டது. முரட்டுக் குழந்தைதானே அதிகம் அடி வாங்கும் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அடி அதைத் திருத்தியதாகவும் தெரியவில்லையே!

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும். 1979-ல் ஸ்வீடன் வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. கண்டிக்கக் கூடாது என்று செய்யவில்லை. கண்டிப்பு என்று நான் கருதுவது, இன்று 'கூடாது' என்றதை நாளையும் 'கூடாது' என்பது. அழுகைக்கு இளகாமலும் ஆத்திரத்தில் கை நீட்டாமலும் சொன்ன சொல்லில் நிற்பது. அந்த அடக்கம் முதலில் பெரியவர்களுக்கு வர வேண்டும். அதைப் பழகுவது, பிரம்பை எடுப்பதைவிட மிகக் கடினம்.